வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு

தலவாக்கலை பெட்ரோல் செட்டில்
மூன்று நாளாய் நிற்கிறது என் ஓட்டோ.
துண்டுச் சீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
பின்னால் நிற்பவர்களுக்குக் கணக்கில்லை.
டொமினிக் சொன்னான்:
"தள்ளணும்னா நான் தள்ளிக்கிறேன்.
நீ எங்கயாச்சும் போயிட்டு வா,
உன் மூஞ்சியப் பார்த்தாலே பசிக்குது."

மச்சானின் சைக்கிள்
கோழிக்கடைக்குப் பின்னால் கூண்டுகளோடு சாய்ந்து கிடந்தது.
வத்தளையில் வாங்கியது. ஆறு கியர்;
மூன்று வேலை செய்யும்.
மலையில போய் சைக்கிளா என்று
லயமே சிரித்த பிறகு
அவன் அதில் ஏறவில்லை.

லிந்துலை தாண்டி
அக்கரபத்தனைப் பாதை.
பதினாலு வருஷமாய் இதில்தான் என் சோறு.
எந்தக் குழி எந்த மழைக்குப் பிறந்தது,
எந்த முடக்கில் பஸ்காரன் ஹாரன் அடிக்க மாட்டான்,
எல்லாம் தெரியும்.

இன்று பஸ் இல்லை.
கொழுந்து லொறி இல்லை.
நடு ரோட்டில்
நாலு காலும் விரித்துப் படுத்திருந்தது ஒரு நாய்.
மணி அடித்தேன்.
ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது,
சைக்கிள்தானே என்று மூடிக்கொண்டது.

முதல் ஏற்றத்திலேயே விளங்கிவிட்டது,
இத்தனை காலம் மலை ஏறியது நானில்லை என்று.
தொடை எரிந்தது.
சைலன்சர் கழன்ற வண்டி மாதிரி மூச்சு.
இறங்கித் தள்ளினேன்.
வெட்கம்தான்;
பார்க்க ஆளில்லாததால் கொஞ்சமாய்.

அப்போது கேட்டது.
மழை என்று நினைத்து அண்ணாந்தேன்.
துவைத்துக் காயப்போட்ட சாரம் மாதிரி
வெளுத்துக் கிடந்தது வானம்.
தேயிலைக்குக் கீழே,
டர்பன்டைன் மரங்களுக்கு அப்பால்,
ஆறு.

ஆக்ரா ஓயா.
பேர் தெரியும். பாலம் தெரியும்.
பாலத்துக்கு முன்னால் கியர் இறக்க வேண்டிய இடம் தெரியும்.
இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி
பெட்ரோல் மிச்சம் பிடிப்பதும் வழக்கம்தான்.
அப்போதும் காதுக்குள்
சில்லறைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.
இது பேசுமென்று தெரியாது.

ஒரு முடக்கில்
பக்கத்துக் காம்பராவில் புருஷன் பொண்டாட்டி சண்டை.
அடுத்த முடக்கில் சமாதானமாகி
பாத்திரம் கழுவுகிற சத்தம்.
ஓரிடத்தில் சத்தமே இல்லை.
நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.
அங்கே ஆழம்.

பிள்ளைக்காம்பரா ஆயா செபமணி
மாவுப் பையை மைல்கல்லில் இறக்கி வைத்து நின்றாள்.
"ஓட்டோ எங்க?"
"வரிசையில."
"இதுக்கு மீட்டர் இருக்கா?"
"ஏத்தத்துல நீயும் தள்ளினா காசு வேணாம்."

பையைக் காரியரில் கட்டினோம்.
அவள் பின்னால், நான் முன்னால்,
ஆளுக்குப் பாதி மலை.
ஆயிரம் தடவை ஏற்றியிருப்பேன் இவளை.
கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரியும்.
இவ்வளவு சத்தமாய்ச் சிரிப்பாள் என்று
யார் கண்டது?
சீனி விலை சொன்னாள், சிறுத்தை கண்ட கதை சொன்னாள்,
மூச்சு வாங்கினோம்,
சிறுத்தை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிள்ளைக்காம்பரா வாசலில் அவள் பையை எடுத்துக்கொண்டாள்.
மேலே இன்னும் ஒரு முடக்கு.
பிறகு திரும்பினேன்.

ஏறும்போது வாங்கியதையெல்லாம்
வட்டியோடு திருப்பித் தந்தது மலை.
கால் சும்மா இருந்தது. கண்ணில் நீர்.
பிரேக் கட்டை அழுதது.
பக்கத்திலேயே ஓடி வந்தது ஆறு,
அதற்கும் எஞ்சின் இல்லை,
அதற்கும் இறக்கம்தான்.

கடையில் இஞ்சி பிளேன்டீ.
சீனி கையில்தான் தந்தார்கள், அரைக் கரண்டி,
நக்கிக்கொண்டே குடித்தேன்.

மறுநாள் நாலு லீட்டர் கிடைத்தது.

இப்போது பஸ் ஓடுகிறது, லொறி ஓடுகிறது,
நாய் ரோட்டோரம் போய்விட்டது.
அந்த முடக்கில் மட்டும்
ஆள் இருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிடுகிறேன்.
"என்ன தம்பி, பிரேக்டவுனா?"
"இல்ல ஐயா, வண்டி சூடு.
கொஞ்சம் ஆறட்டும்."